ஃபெரெட்டுக்கு வயிறு சரியில்லை, பெங்களூரில் டாக்டர் தெரியுமா?

வணக்கம். அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு ஃபெரெட் (கீரி போல நீளமான சின்ன வளர்ப்புப் பிராணி): மிளகு, சீரகம். வழக்கமான பூனைக்குட்டித் தீவனம் கடையில் தீர்ந்துபோக, திங்கட்கிழமை ஒரே நாளில் வேறு வகைக்கு மாற்றிவிட்டேன். பத்து நாளாவது பழையதோடு கலந்து கலந்து மாற்றியிருக்க வேண்டும். என் தப்புதான், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

மிளகு கல்லையும் செரிப்பான். சீரகத்துக்குத்தான் மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. பச்சையாக, சளி போல, நடுவில் குருணை மாதிரி மணிமணியாகப் போகிறது. வாந்தி இல்லை, தண்ணீர் குடிக்கிறாள். ஆனால் தூளியை விட்டு இறங்குவதே இல்லை. சாக்ஸ் திருடக்கூட வரவில்லை. குடல் குட்டையான உயிர், தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் பட்டினி போடவும் பயம். உப்பில்லாமல் வேகவைத்த கோழியை மசித்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து விரலில் தொட்டு ஊட்டுகிறேன். மாமியார் தயிர்சாதம் கொடு என்கிறார். இது முழுக்க மாமிசம் தின்னும் பிராணி, பாலும் சோறும் ஒத்துக்கொள்ளாது என்றால் நம்பவில்லை!

பக்கத்து கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். இந்திராநகர், ஹெப்பால் பக்கம் ஃபெரெட் பார்த்துப் பழகிய டாக்டர் யாராவது இருக்கிறார்களா? இன்றே போக வேண்டும். அப்புறம், பழைய தீவனம் ஒரு பை இப்போது கிடைத்துவிட்டது. உடனே அதற்குத் திரும்பலாமா, இல்லை வயிற்றுப்போக்கு நின்ற பிறகா?