எப்பாவல பொஸ்பேற்று: பெரிய சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா?

வன்னிவயல்:
ஒவ்வொரு பெரும்போகமும் பசளைக் கப்பல் வந்துவிட்டதா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பதே எங்கள் தொழிலாகிவிட்டது. அனுராதபுர மாவட்டம் எப்பாவலையில் 1971 இல் கண்டுபிடித்த பொஸ்பேற்றுப் படிவு, பசளைக்கு மூலக் கல், கிடக்கிறது, ஏறத்தாழ 6 கோடி தொன் என்கிறார்கள், நாமோ டொலர் கொடுத்து ரி.எஸ்.பி (ட்ரிப்பிள் சுப்பர் பொஸ்பேற்று) பசளை இறக்குகிறோம். 2021 இல் ஒரு வர்த்தமானியோடு ரசாயனப் பசளையை மறித்தார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள், அதற்குள் எங்கள் பக்கம் விதைப்பே முடிந்துவிட்டது. அந்தப் போகத்து விளைச்சலை வெளியில் சொல்லவே வெட்கம். பெரிய கம்பனி ஒன்றைக் கூப்பிட்டு முறையாகத் தோண்டி, இங்கேயே பசளை செய்ய வேண்டும். எதிர்ப்பவர்கள் "இயற்கை, இயற்கை" என்று பாடாமல் காரணம் சொல்லுங்கள்.

கல்லுளி:
அண்ணை, எப்பாவலைக் கல்லை அரைத்து அப்படியே வயலில் கொட்டினால் உங்கள் நெல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. அது அப்பற்றைட்டு என்ற கனிமம், தண்ணீரில் லேசில் கரையாது. மூன்றரை மாதப் பயிர் அது கரையும்வரை காத்திருக்குமா? அதனால்தான் லங்கா பொஸ்பேற் கம்பனி இப்போது அரைத்து விற்கும் தூள் தேயிலை, றப்பர், தென்னைக்குப் போகிறது. நெல்லுக்கு ஆக வேண்டுமென்றால் அமிலம் வேண்டும்: கந்தக அமிலம் ஊற்றினால் சிங்கிள் சுப்பர் பொஸ்பேற்றுப் பசளை, பொஸ்போரிக் அமிலம் ஊற்றினால் உங்கள் ரி.எஸ்.பி. கந்தகம் இலங்கையில் கிடையாது. ஆக, கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எப்படியும் தொடரும்.

வன்னிவயல்:
கந்தகத்தை மட்டும் இறக்குவதும் பசளை முழுவதையும் இறக்குவதும் ஒன்றா தம்பி? அரிசி நம்மிடம் இருக்கிறது, உப்பு மட்டும் கடையில் வாங்க வேண்டும் என்பதற்காகச் சோறு சமைக்காமல் விடுவோமா?

மலைநாட்டாள்:
எங்கள் தோட்டத்தில் இந்த எப்பாவலைத் தூளைத்தான் போடுகிறோம், ஈ.ஆர்.பி (எப்பாவல றொக் பொஸ்பேற்) என்போம். மண் புளிப்பு, செடியும் பல வருடம் நிற்கும், மெதுவாகக் கரைந்தாலும் போதும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் "தோண்டவே கூடாது" என்று சொல்பவர்களோடு நான் இல்லை. ஆனால் வன்னி அண்ணை "பெரிய கம்பனி" என்கிறாரே, அந்தக் கதை ஒருமுறை நடந்து முடிந்தது அவருக்குத் தெரியுமா?

மூதூரான்:
அதைத்தான் சொல்ல வந்தேன். தொண்ணூறுகளில் அமெரிக்க ஃபிரீபோர்ட் மக்மொரான் கம்பனியோடு அரசாங்கம் பேச ஆரம்பித்தது, பிறகு ஐ.எம்.சி அக்ரிக்கோவும் சேர்ந்தது. 30 வருடத்தில் 2 கோடி 61 லட்சம் தொன் எடுப்பது திட்டம். கல் எப்பாவலையில், அமிலத் தொழிற்சாலை திருகோணமலையில். எங்களை யாராவது கேட்டார்களா? பொஸ்போரிக் அமிலமாக ஒரு தொன் பொஸ்பேற்றுச் சத்து எடுத்தால் ஏறத்தாழ 5 தொன் ஜிப்சம் கழிவு வரும், அதுவும் அமிலம் ஊறிய ஜிப்சம். அந்த மலையைக் கடலோரத்தில் குவித்து வைத்துவிட்டு எங்கள் ஆட்கள் அங்கே மீன் பிடிக்க வேண்டுமாம்.

தூத்துக்குடிக்காரன்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊரிலும் உரத் தொழிற்சாலை இருக்கிறது. ஜிப்சத்தைச் சிமெண்ட் ஆலைகள் வாங்குகிறார்களே, அதை ஏன் வெறும் கழிவு என்கிறீர்கள்? இந்தியாவிலும் ராஜஸ்தானில் ஜாமர்கோட்ராவில் பாறை பாஸ்பேட் தோண்டுகிறார்கள், அது போதாமல் வெளிநாட்டிலிருந்தும் இறக்குமதி செய்கிறோம். கையில் இருப்பதைத் தொடாமல் வைப்பது எனக்குப் புரியவில்லை.

மூதூரான்:
வாங்குகிறார்கள் ஐயா, ஆனால் உலகத்தில் விழும் ஜிப்சத்தில் பெரும்பகுதியை இன்னும் குவித்துத்தான் வைத்திருக்கிறார்கள். விற்ற பங்கை மட்டும் காட்டினால் எப்படி? நவுரு தீவில் பொஸ்பேற்று தோண்டித் தோண்டி நடுத்தீவையே பாழாக்கினார்கள், காசு வந்தது, போய்விட்டது, நிலம் திரும்பவில்லை.

வன்னிவயல்:
நவுரு 21 சதுர கிலோமீற்றர்! எப்பாவலையோடு அதை ஒப்பிடுவது நியாயமா?

கல்லுளி:
நவுருவை விடுங்கள், எப்பாவலைக்கே வருவோம். படிவு கிடக்கும் இடத்தின் ஊடாகத்தான் ஜய கங்கை என்ற பழைய வாய்க்கால் போகிறது, சிங்களத்தில் யோத எல. காலவாவியிலிருந்து அனுராதபுரம் திசவாவிக்கு 54 மைல், முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு என்பார்கள். 5 ஆம் நூற்றாண்டில் கட்டியது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இதன் பக்கத்தில் பெரிய குழி தோண்டி நிலத்தை ஒரு அடி இறக்கிவிட்டீர்கள் என்றால் அந்தச் சரிவு என்னாகும்? குளம் வைத்து வயல் செய்யும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மலைநாட்டாள்:
அந்த அமெரிக்கக் கம்பனித் திட்டத்துக்கு எதிரான வழக்கையும் சொல்லுங்கள், இங்கே பாதிப் பேர் நீதிமன்றம் சுரங்கத்தையே தடை செய்தது என்று நினைக்கிறார்கள். எப்பாவல விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் உயர் நீதிமன்றம் போனார்கள், 2000 ஜூனில் தீர்ப்பு, எழுதியவர் நீதியரசர் அமரசிங்க. தோண்டாதே என்று அவர் எழுதவில்லை. முதலில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தரம் என்று முழுதாக ஆராய்ந்து வெளியிடுங்கள், சுற்றாடல் சட்டப்படி அனுமதி எடுங்கள், அதன் பிறகு ஒப்பந்தம் பேசுங்கள் என்றார். இயற்கை வளத்துக்கு அரசாங்கம் முதலாளி இல்லை, மக்களுக்காகக் காத்து வைத்திருக்கும் பொறுப்பாளி என்ற கருத்து அதில் இருக்கிறது.

வன்னிவயல்:
அருமையான தீர்ப்பு. அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போனது, நெல்லுக்கு எப்பாவலையிலிருந்து ஒழுங்காக ஒரு மூட்டை வந்ததா? தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள், நாங்கள் பசளைக்காகக் கமநல சேவை நிலையத்து வாசலில் நிற்கிறோம். தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவன் விவசாயி. பாதுகாப்பு பேசுபவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

மலைநாட்டாள்:
இந்தக் கோபம் நியாயம் அண்ணை. ஆனால் கணக்கு என்றால் இதையும் போடுங்கள். அந்தத் திட்டப்படி வருடத்துக்குச் சராசரி 8 லட்சத்து 70 ஆயிரம் தொன். அந்தக் காலத்தில் லங்கா பொஸ்பேற் எடுத்தது சுமார் 40 ஆயிரம். இருபது மடங்குக்கும் மேல்! உங்களுக்கும் எனக்கும் அவ்வளவு பசளை எதற்கு? ஏற்றுமதிக்கு. டொலர் வரும் என்பீர்கள், சரி, அப்புறம் 30 வருடத்திலேயே அந்த 6 கோடியில் பாதிக்குக் கிட்டப் போய்விடும், இப்படியே போனால் உங்கள் பேரன் திரும்பக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். உள்ளூர்த் தேவைக்கு மட்டும் எடுத்தால் பல தலைமுறைக்கு வரும்.

வன்னிவயல்:
ஏற்றுமதி எனக்கும் வேண்டாம். சின்னதாக, உள்ளூருக்கு மட்டும், அரசாங்கமே ஒரு சிங்கிள் சுப்பர் ஆலை போடட்டும். அதில் பொஸ்போரிக் அமிலம் இல்லை, மூதூரான் பயப்படும் ஜிப்ச மலையும் இல்லை. இதையாவது செய்ய விடுவீர்களா?

கல்லுளி:
ஜிப்சம் சிங்கிள் சுப்பரிலும் உண்டு, ஆனால் பசளைக்குள்ளேயே கலந்து வயலுக்குப் போய்விடும், அது சரிதான். எப்பாவலைக் கல்லில் குளோரின் கூட, மேற்படையில் இரும்பும் அலுமினியமும் அதிகம், அமிலத்தையும் இயந்திரத்தையும் தின்னும். முடியாதென்று சொல்லவில்லை. முதலில் சின்ன அளவில் ஓட்டிப் பார்த்து, செலவைப் பகிரங்கமாகச் சொல்லட்டும்.

மூதூரான்:
ஆலை எங்கே வரும்? திருகோணமலை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

வன்னிவயல்:
எப்பாவலையிலேயே போடட்டும்.

கல்லுளி:
ஜய கங்கைக் கரையில் கந்தக அமிலத் தாங்கியா?

வன்னிவயல்:
அப்படியென்றால் கிளிநொச்சிக்கு வாருங்கள், காணி நான் காட்டுகிறேன். தண்ணீர் மட்டும் எங்கள் இரணைமடுக் குளத்திலிருந்து கேட்கக் கூடாது.

மூதூரான்:
பார்த்தீர்களா!