திரும்பும் திரை, திரும்பாத் திரை

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஊரிலிருந்து அத்தை கூப்பிட்டார். “நான் படுத்தா இந்தப் போனும் கூடவே படுத்துக்குதுப்பா, எழுத்தெல்லாம் குறுக்கே ஓடுது” என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படிப்பது அவர் வழக்கம். இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது. பேரன் கைக்குப் போய்வந்ததிலிருந்து இப்படி. “மேலேயிருந்து கீழே இழுங்க அத்தை, ஒரு பொத்தான் இருக்கும்” என்று ஆரம்பித்தேன். அவர் போன் தமிழில் இருக்கிறது, அதனால் பொத்தானின் பெயரையும் தமிழில் சொல்லியாக வேண்டும். “சுழலுறதுன்னு ஏதாவது போட்டிருக்கா பாருங்க” என்றேன். “சுழலுறதுக்கு இது என்ன ஃபேனா?” என்றார். ஒருவழியாகப் பொத்தானைக் கண்டுபிடித்த பிறகு வந்த கேள்வி இன்னும் கஷ்டம்: “இது எரியணுமா, அணையணுமா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். போனைச் சாய்த்தால் திரையும் தானாகத் திரும்புவது ஆட்டோ ரொட்டேட், அப்படித் திரும்பாமல் நிறுத்தி வைப்பது ரொட்டேஷன் லாக். இந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடி இதுவரை நம் குழுவில் வந்தவை: தானியங்குச் சுழற்சி, தானாகச் சுழற்று, சுழற்சிப் பூட்டு, சுழற்சித் தடை. நான்கிலும் சுழல் இருக்கிறது. எனக்கு முதல் தகராறு அதோடுதான்.

பம்பரம் சுழலும், காற்றாடி சுழலும், ஆற்றில் சுழல் இருக்கும். எதுவும் ஒரு கால்வட்டம் போய் நின்றுவிடுவதில்லை. நம் திரையோ 90 பாகை போய் நின்றுவிடுகிறது. போனை நிமிர்த்தினால் பழைய இடத்துக்கு வருகிறது. இதற்குப் பேச்சில் சொல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வீடியோ பார்க்கும்போது “போனைத் திருப்பிப் பிடி” என்கிறோம். “போனைச் சுழற்றிப் பிடி” என்று யாரும் சொல்வதில்லை. கழுத்து திரும்பும், பேருந்து முக்கில் திரும்பும், ஓடை திரும்பும். ஒரு பக்கம் பார்த்திருந்தது இன்னொரு பக்கம் பார்க்கும், அவ்வளவுதான். திரை செய்வதும் அதுவே.

அடுத்தது தானியங்கி. ஆட்டோ என்று எங்கே பார்த்தாலும் தானியங்கியைக் கொண்டுவந்து ஒட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பணம் எடுக்கும் இயந்திரத்துக்குத் தானியங்கி சேர்த்து ஒரு நீளப் பெயர் வைத்தோம். ஜனங்கள் இன்னும் ஏடிஎம் என்றுதான் சொல்கிறார்கள். இந்த இடத்தில் அது தேவையே இல்லை என்பது என் வாதம். தமிழில் அந்த வேலையை வினையே செய்துவிடும். சுழல், சுழற்று, உருள், உருட்டு, திரும்பு, திருப்பு. முதலில் வருவது தன்வினை, அடுத்தது பிறவினை. திரை திரும்புகிறது என்றாலே அது தானாகத்தான். நாம் செய்தால் திரையைத் திருப்புகிறோம். ஒரு மெல்லெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆட்டோவும் மேனுவலும் பிரிந்துவிடுகின்றன. ‘தானாகச் சுழற்று’ என்பதில் எனக்கு உறுத்துவது இதுதான்: தானாக என்று சொல்லிவிட்டு உடனே பிறவினையைப் போட்டால், யாரை யார் சுழற்றுவது?

பூட்டுக்கு வருகிறேன். முதல் சங்கடம், திரைப்பூட்டு என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கடவு எண் கேட்கும் அது. ‘திரைச் சுழற்சிப் பூட்டு’ என்று எழுதினால் நடுச்சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். சுட்டி என்றால் எலியா இணைப்பா, செயலி என்றால் ஆப்பா பிராசஸரா என்று இன்னும் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம். தெரிந்தே இன்னொரு குழப்பம் எதற்கு?

இரண்டாவது, இது பூட்டே இல்லை. போட்ட பிறகும் யூடியூபில் முழுத்திரைப் பொத்தானைத் தொட்டால் படம் குறுக்கே திரும்பிவிடும். குறுக்காகவே ஆடுமாறு எழுதப்பட்ட விளையாட்டுகள் இந்த அமைப்பைக் கண்டுகொள்வதே இல்லை. ஆண்ட்ராய்டில் 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து, திரும்புவதை நிறுத்தி வைத்திருக்கும்போது போனைச் சாய்த்தால் கீழ்ப்பட்டையில் ஒரு சின்ன அடையாளம் எட்டிப் பார்க்கும். தொட்டால் அந்த ஒரு தடவை மட்டும் திரை திரும்பும். கதவைத் தட்டினால் தானே திறந்துகொள்ளும் ஒன்றைப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(ஐபேட் 2010இல் வந்தபோது இதற்கென்றே பக்கவாட்டில் தள்ளுகிற ஒரு நிஜமான விசை இருந்தது. தாழ்ப்பாள் மாதிரி. அதைத் தாழ் என்று சொல்லியிருக்கலாம், அழகாக இருந்திருக்கும். அதே வருட நவம்பரில் வந்த மென்பொருள் மாற்றத்தில் அந்த விசையை ஒலியை அடக்குவதற்கு மாற்றினார்கள். பயன்படுத்துகிறவர்கள் கூச்சல் போட்டதும் 2011 மார்ச்சில், எதற்கு வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்புகளில் விட்டுவிட்டார்கள்.)

இவ்வளவு ஏன் இந்தப் பாடு என்று புரிய, போன் எப்படி முடிவெடுக்கிறது என்று ஒரு வரி. உள்ளே முடுக்கமானி இருக்கிறது. மூன்று அச்சுகளில் எதன்மேல் புவியீர்ப்பு அதிகம் விழுகிறது என்று அது பார்க்கிறது. போன் நிமிர்ந்திருந்தால் நீள அச்சில், குறுக்கே கிடந்தால் அகல அச்சில். மேசைமேல் தட்டையாக வைத்தால் இழுவை முழுக்க முகத்துக்கு நேராக உள்ள அச்சில் போய்விடும். எந்தப் பக்கம் மேல் என்று அதற்குத் தெரியாது, கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். அத்தையின் சிக்கல் வேறு. அவர் தலையும் போனும் சேர்ந்தே சாய்கின்றன; அவரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, பூமியைப் பொறுத்தவரை எல்லாம் மாறிவிட்டது. போனுக்குப் பூமியைத் தெரியும், அத்தையைத் தெரியாது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இல் சில பிக்சல் போன்களில் முன்கேமரா முகம் பார்த்து இதைச் சரிசெய்யும் வசதி வந்தது. மற்றவர்கள் கையால் நிறுத்தத்தான் வேண்டும்.

படுக்கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் எனக்கு முதலில் பிடித்த சொல் புரள். புரண்டு படுக்கிறோம் அல்லவா. ‘புரளாத் திரை’ என்று எழுதிப் பார்த்தேன். திரைக்கு அலை என்றும் பொருள் இருப்பதால் கரையில் உறைந்துபோன அலை மாதிரி இருந்தது. மூன்று நாள் அந்த மயக்கத்தில் இருந்தேன். அப்புறம் போனைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன்: முகம் கீழே போய்விட்டது. புரள்வது குப்புற விழுவது. மணி அடிக்கும்போது போனைக் குப்புறப் போட்டு வாயடைக்கிற வசதிக்கு அந்தச் சொல் சொந்தம், அதற்கே விட்டுவிடலாம். சாய் என்பதையும் பார்த்தேன். ‘சாயாத் திரை’ என்றால் நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் டீக்கடையில் தொங்கும் சாக்குத் துணியைத்தான் நினைப்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: ஆட்டோ ரொட்டேட்டுக்குத் ‘திரும்பும் திரை’. ரொட்டேஷன் லாக்குக்குத் ‘திரும்பாத் திரை’. வாடாமல்லி, அணையா விளக்கு வரிசையில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். தடை, பூட்டு, முடக்கம் எதுவும் வேண்டாம், எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பொத்தான் எரிந்தால் திரை திரும்பும். ஐபோனில் பொத்தான் எரிந்தால் திரை திரும்பாது. ஒன்று செயலின் பெயர், மற்றது தடுப்பின் பெயர். அதனால்தான் அத்தையின் இரண்டாவது கேள்விக்குப் போன் எது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியவில்லை. பொத்தானுக்குக் கீழே இப்போதைய நிலையையே பெயராக எழுதிவிட்டால், அதாவது திரும்பும் திரை என்றோ திரும்பாத் திரை என்றோ மாறி மாறிக் காட்டினால், எரிகிறதா அணைகிறதா என்று பார்க்கவே வேண்டாம்.

அடியுங்கள், காத்திருக்கிறேன்.

*

தம்பிக்கு,

தன்வினை வாதம் சரி. தானியங்கியைக் கழற்றிவிட்டது நல்ல காரியம். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

திரும்பா என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, போனது திரும்பி வராது என்பதுதான். கடன் கொடுத்த காசு திரும்பாது, ரிப்பேருக்குக் கொடுத்த போன் திரும்பாது. ‘திரும்பாத் திரை’ என்றால் திரை அணைந்து போய்விட்டது, இனி வராது என்று பயப்பட மாட்டார்களா?

அடுத்தது, எந்தப் பக்கமாகத் திரும்பாமல் நிற்கிறது என்பது உங்கள் சொல்லில் இல்லை. ஐபோனில் இந்தப் பொத்தான் நிமிர்ந்த நிலையில் மட்டும்தான் நிறுத்தும். ஐபேடில் எப்படிப் பிடித்திருக்கிறோமோ அப்படியே நிற்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் நிறுத்தியதும் பொத்தானின் பெயரே போர்ட்ரெய்ட் என்று மாறிவிடுகிறது. ஆட்டோ ரொட்டேட் என்ற பொத்தானைத் தேடுகிறவர்கள் அது காணாமல் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். என் மருமகளே அப்படி நினைத்துத்தான் என்னிடம் கொண்டுவந்தாள். நீங்கள் நிலையையே பெயராக எழுதலாம் என்கிறீர்கள். அது இந்தக் குழியில் விழாதா?

நான் அச்சகத்தில் நாற்பது வருடம் இருந்தவன். அழைப்பிதழ் கொண்டுவருகிறவரிடம் போர்ட்ரெய்ட்டா லேண்ட்ஸ்கேப்பா என்று கேட்டால் விழிப்பார். நீளவாக்கிலா அகலவாக்கிலா என்று கேட்டால் உடனே சொல்வார். செங்குத்து, கிடைமட்டம் எல்லாம் கணக்குப் பாடத்தில் இருக்கட்டும். நிறுத்திய பிறகு ‘நீளவாக்கு’, ‘அகலவாக்கு’ என்று பக்கத்தின் பெயரைச் சொன்னாலே போதும் என்பது என் கட்சி.

*

ஐயா, வணக்கம்.

நீளவாக்கு, அகலவாக்கு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நெடுக்கை, கிடக்கை என்று நான் குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டேன். வீட்டில் பாய் விரிக்கும்போது சொல்கிற சொல் இருக்க, புதிதாக எதற்குத் தைக்க வேண்டும்?

ஆனால் அதை மட்டும் தனியாக வைக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன குழியில் விழுந்தவர்கள், இரண்டு நிலைக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லாததால் விழுந்தார்கள். ஆட்டோ ரொட்டேட்டுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருத்தம் இல்லை, அது இதுதான் என்று யார் கண்டுபிடிப்பது? திரும்பும் திரைக்கும் திரும்பாத் திரைக்கும் நடுவே ஒரு கால் தூரம்தான். தேடுகிறவர் கண் இரண்டிலும் நிற்கும். பக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் அடியில் சின்ன எழுத்தில் சேர்த்துக்கொள்ளலாம்: ‘திரும்பாத் திரை’, அதன் கீழே ‘நீளவாக்கு’. ஐபோனில் எப்போதும் நீளவாக்கு, ஐபேடில் இருக்கிறபடி.

திரும்பி வராது என்ற பயத்தைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். தனியே ‘திரும்பா’ என்று நின்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது என்று வைத்தியரிடம் போய்ச் சொன்னால், கழுத்து எங்கே போயிற்று என்று அவர் கேட்பதில்லை. ஓர் இடத்தை விட்டுப் போகக்கூடிய பொருளுக்குத்தான் திரும்பி வருவது என்ற பொருள் ஒட்டுகிறது. காசு போகும், ரிப்பேருக்குக் கொடுத்த போனும் போகும். திரை எங்கும் போவதில்லை. அதோடு, பொத்தானைத் தேடுகிறவர் திரை திரும்பித் தொலைக்கிறதே என்ற கடுப்போடுதான் வருவார். அவருக்கு வேறு பொருள் தோன்ற இடமில்லை.

இருந்தாலும் சந்தேகத்துக்கு நேற்று அத்தையிடமே கேட்டேன். ‘திரும்பாத் திரை’ன்னு ஒரு பொத்தான் இருந்தா அது என்ன செய்யும்னு நினைப்பீங்க என்று. “நான் திரும்பிப் படுத்தா அது திரும்பாது, அதானே?” என்றார். பிறகு, “அதைத்தான் பேரன் போட்டுக் கொடுத்துட்டானே, இன்னும் அதையே பேசிட்டிருக்கியா?” என்றார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெயராக வைத்தால் சரி, கட்டளையாகக் கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது? உதவிப் பக்கத்தில் ‘திரை திரும்பாதிருக்கச் செய்’ என்று எழுதினால் நாக்கு தடுக்குகிறது. ‘திரை திரும்புவதை நிறுத்து’ பரவாயில்லை, ஆனால் பொத்தானில் அடங்காது. ‘திரையை நிறுத்து’ என்று சுருக்கினால் திரையே அணைந்துவிடும் என்று படிக்கிறார்கள். யாரிடமாவது இதைவிடச் சின்னதாக இருக்கிறதா?