புதுப்பிப்பு: வேலை தேடுவதை வியாபாரமாகப் பார்த்த பிறகு

நூற்றுக்கும் மேல் விண்ணப்பித்தும் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். "வேலை கேட்கவில்லை, உழைப்பை விற்கிறாய் என்று நினை" என்றார் ஒருவர். அது மனதில் தைத்தது.

முதல் வேலையாக, அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒரு கணக்கு நோட்டு போட்டேன். தெரிந்தவர் மூலம் அனுப்பிய 7-இல் 4 நேர்காணல் வரை போயிருக்கிறது. மற்ற அத்தனையிலும் சேர்த்து இரண்டே. சரக்கில் குறையில்லை, கடைவிரித்த இடம்தான் தப்பு.

சுயவிவரத்தில் "கணக்குப் பிரிவில் 6 வருட அனுபவம்" என்றிருந்த முதல் வரி இப்போது, "மாதக் கணக்கு முடிக்கும் வேலையை 10 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்தேன்." நேற்றைய நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான்! அரை மணி நேரம் அதையே பேசினோம்.

இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்ற தொகையை முன்பே எழுதி வைத்திருந்ததால், சம்பளம் கேட்டபோது குரல் நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்று. யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.