கோ ஆடுபவர்களே, உங்களுக்குப் பிடித்த தொடக்கம் எது?

வணக்கம் நண்பர்களே. கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ என்ற பலகை ஆட்டத்தில் எந்தத் தொடக்க அமைப்பு அதிகம் பேருக்குப் பிடிக்கிறது என்று இங்கே ஒரு வாக்கெடுப்பு நடத்த ஆசை. பட்டியலைச் சரியாகப் போட உங்கள் உதவி வேண்டும்.

சான்ரென்செய், சீனத் தொடக்கம், கோபயாஷி, ஷூசாகு ஆகிய நான்கு தொடக்கங்களும் கட்டாயம் உண்டு. சிக்கல் சீனத் தொடக்கத்தில்தான். பக்கவாட்டுக் கல்லைப் பலகையின் ஓரத்திலிருந்து மூன்றாம் கோட்டில் வைப்பதையும் நான்காம் கோட்டில் வைப்பதையும் தனித்தனியாகக் கொடுக்கலாமா? ஆட்டத்தின் போக்கே மாறுவதால் பிரிப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அப்புறம், 2016-இல் ஆல்பாகோ என்ற கணினி நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என வென்ற பிறகு வந்த ஆண்டுகளில், ஆரம்பத்திலேயே மூலையின் 3-3 புள்ளிக்குள் (இரு ஓரங்களின் மூன்றாம் கோடுகளும் சந்திக்கும் இடம்) நுழைவது பரவலாகிவிட்டது. அதையும் சேர்க்கலாமா, இல்லை அது வெறும் மூலை உத்தியா?

என் வாக்கு சான்ரென்செய்க்கு. ஒரே பக்கத்தின் மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் (பலகையில் குறியிட்ட இடங்கள்) பிடித்துக்கொண்டு, ஜப்பானிய வீரர் டகேமியா மசாகி பலகையின் நடுவை நோக்கி ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். தொழில்முறை ஆட்டங்களில் இன்று அது அரிதுதான், ஆனாலும் ஆடும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

பட்டியலில் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். உங்கள் ஆட்டத் தரத்தையும் (கியூ அல்லது டான் நிலை), அந்தத் தொடக்கம் ஏன் பிடிக்கும் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி.