கண்ணாடி போர்டைத் திருப்பிப் பாருங்கள்

கடைப் பெயரையோ விளம்பரத்தையோ கண்ணாடியில் எழுதிய பழைய போர்டை விற்பவர் எப்போதும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார். வெளிச்சத்தில் எழுத்து பளபளக்கும், நமக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த போர்டின் வயது, அதில் போன உழைப்பு, பட்ட அடி எல்லாமே பின்பக்கத்தில்தான் பதிந்திருக்கும். சட்டத்தைத் திருப்பிக் காட்ட மறுக்கும் கடையில் நான் விலையே கேட்பதில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்த சில போர்டுகளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இவற்றை எழுதும் முறை. மதுரையில் கடைகளுக்கு போர்டு எழுதியே குடும்பம் நடத்திய ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டது இது. "பேப்பர்ல கடைசியா வைக்கிற புள்ளிய கண்ணாடில மொதல்ல வைக்கணும் தம்பி" என்றார். கண்ணாடியின் பின்புறத்தில், எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுத வேண்டும். முதலில் ஓரக்கோடும் மினுக்கும், அப்புறம் நிழல், அப்புறம் எழுத்தின் உடல், எல்லாம் காய்ந்தபின் கடைசியாகப் பின்னணி நிறம். சுவரிலோ தகரத்திலோ தப்பு வந்தால் மேலே ஒரு பூச்சு கொடுத்து மறைத்துவிடலாம். கண்ணாடியில் முதலில் வைத்த கோடுதான் காலத்துக்கும் முன்னால் நிற்கும். உதிர்ந்த இடத்தைப் பிற்காலத்தில் யாராவது நிரப்பினாலும் அது முன்பக்கத்தில் திட்டாகத் தெரிவது இதனால்தான். மங்கிப்போன பழைய நிறமும் நேற்றுப் பூசிய நிறமும் ஒரே தளத்தில் அக்கம்பக்கமாக நின்றுவிடும். அதே ஓவியர் வந்து நிரப்பினாலும் இதுதான் கதி.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தெற்கே ஒரு ஊரில் தேயிலை விளம்பரம் ஒன்றைக் காட்டினார்கள். கோப்பையோடு ஒரு பெண், கீழே 'பொட்டலம் ஓரணா'. வெள்ளைக்காரன் காலத்து அயிட்டம், 45,000 ரூபாய்க்கு ஒரு பைசா குறையாது என்றார் கடைக்காரர். அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்ததோடு முடிந்தது. ஆக, வாசகப்படி பார்த்தால் போர்டு அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டும். ஆனால் 'தேயிலை'யில் இருந்த லை இன்று நாம் எழுதும் லை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போல வளைந்த வடிவத்தில்தான் பொதுவாக எழுதப்பட்டன. பெரியார் 1935-இலேயே தம் பத்திரிகையில் புதிய வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பது உண்மைதான். இருந்தாலும் தேயிலை விற்க போர்டு எழுதிய ஒரு ஓவியர் அந்தக் காலத்தில் அப்படி எழுதியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். பழைய வடிவத்தில் லை இருந்தால் போர்டு பழசு என்று முடிவு கட்டக் கூடாது. கை பழகிய ஓவியர்கள் ஆணை வந்த பிறகும் பழைய வடிவத்தையே எழுதிக்கொண்டிருந்தார்கள். புதிய வடிவம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த போர்டில் என்னை யோசிக்க வைத்தது கண்ணாடி. கண்ணாடி நிஜமாகவே பழசு. சாய்த்துப் பார்த்தால் எதிரே இருந்த ஜன்னல் கம்பி நெளிந்து தெரிந்தது, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் வேறு. திருப்பச் சொன்னேன். பெயிண்ட் வழுவழுப்பாக, ஒரு பொட்டு தூசி ஒட்டாமல் இருந்தது. யாரும் பார்க்காத ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் தடம் விழுந்தது. பல பத்தாண்டுகள் காய்ந்த எண்ணெய் பெயிண்ட் அப்படி இளகாது, உடையத்தான் செய்யும். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய ஜன்னல் கண்ணாடி எளிதாகக் கிடைக்கிறது. அதில் புதிதாக எழுதினால் பாதி உண்மையான ஒரு போர்டு தயார். எனவே கண்ணாடியின் வயது வேறு, எழுத்தின் வயது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டுத்தான் விலைக்கு வர வேண்டும்.

கண்ணாடியைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இன்று நாம் வாங்கும் தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் இந்த முறையை 1959-இல் அறிவித்தது. இந்தியாவில் அதற்கான ஆலைகள் 1990-களில்தான் வந்தன. வெள்ளீயத்தைத் தொட்டிருந்த பக்கத்தில், குறுஅலை புற ஊதா விளக்கைக் காட்டினால் பால் போல ஒரு மங்கல் ஒளி தெரியும். ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு இதற்கு உதவாது, அது நெட்டலை. குறுஅலை ஒளி கண்ணாடியை ஊடுருவாது என்பதால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் பெயிண்ட் படாத ஒரு விரல் அகலம் கிடைத்தால் போதும். அங்கே ஒளி தெரிந்தால், விற்பவர் சொல்லும் 1930-களின் கதை அந்த நிமிடமே முடிந்தது. விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு. அதற்கென்று இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்க எழுத்து போர்டுகள் தனி உலகம். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் ஒரு தையற்கடைப் பெயர்ப்பலகை பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஆங்கில எழுத்து, ஓரத்தில் மெல்லிய சிவப்பு நிழல். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எழுத்துக்குள்ளே நேர்கோடாக மெல்லிய தையல்கள் தெரிந்தன. தங்க ரேக்கின், அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டின், சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்கள் அவை. ஜெலட்டின் கரைத்த தண்ணீரைக் கண்ணாடியில் தடவி, அதன் மேல் ரேக்கை விடுவார்கள். காய்ந்ததும் பஞ்சால் மெருகேற்றி, விட்டுப்போன இடங்களுக்கு இன்னொரு முறை ரேக்கு விடுவார்கள். பிறகு எழுத்தின் வடிவத்துக்கு மட்டும் பின்னால் பெயிண்ட் கொடுத்துவிட்டு, மீதித் தங்கத்தைத் துடைத்தெடுப்பார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தையல்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே கடையில் பக்கத்திலேயே இன்னொரு 'தங்க' போர்டு. லென்ஸில் மணல் மணலாகத் தெரிந்தது, ஓரங்கள் பழுப்பாகிப் பச்சை தட்டியிருந்தன. அது பித்தளைப் பொடி. சுத்தத் தங்கம் கறுக்காது. இரண்டையும் ஒரே விலைக்கு வைத்திருந்தார்கள். தையற்கடை போர்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலை குறைவு என்றே எனக்குப் பட்டது. மற்றதற்கு அதில் கால்வாசிகூட அதிகம்.

லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் ஒரு விஸ்கி விளம்பரக் கண்ணாடியின் படத்தை அனுப்பி, விக்டோரியா காலத்தது என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டான். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார், பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு என்றேன். அந்தக் காலத்து மதுக்கடைக் கண்ணாடிகளில் அமிலத்தால் அரித்த தளமும், சக்கரத்தில் வெட்டிய பள்ளமும் இருக்கும். கண்ணாடியும் கனம். இவன் அனுப்பியதில் எங்கும் ஒரு பள்ளமும் இல்லை, மெல்லிய கண்ணாடி, பின்னால் அட்டை. எழுத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலைத்துணியின் பல் பல்லான தடம். ஸ்கிரீன் பிரிண்ட். 1970-களில் இப்படிப்பட்ட அலங்காரக் கண்ணாடிகளை அங்கே ஏராளமாகச் செய்து விற்றிருக்கிறார்கள். வீட்டில் மாட்ட அழகாக இருக்கும், அதற்குண்டான விலைக்கு வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

வாசகத்தில் ஒளிந்திருக்கும் தேதிகளையும் தேடுங்கள். ஆறிலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அமெரிக்க பீர் போர்டு என்றால், அங்கே மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையிலான இடைவெளியை நினைவில் வையுங்கள். அதற்கு முந்திய போர்டுகளுக்கு அங்கே தனி மதிப்பு. அப்புறம் ஒன்று. நூறு வருஷம் பழசு, வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

இனி விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் பூசிய தகர போர்டுகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம், கண்ணாடி போர்டு எப்போதாவதுதான் கண்ணில் படும். தகரம் நசுங்கினாலும் பிழைக்கும். கண்ணாடி உடைந்தால் அவ்வளவுதான். ஆனால் அரிது என்பதாலேயே விலை ஏறிவிடாது. நான் முதலில் பார்ப்பது சேதம் எங்கே இருக்கிறது என்பதை. ஓரத்துப் பின்னணியில் உள்ளங்கை அளவு உதிர்ந்திருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். முகத்தில் ஒரு கண், பெயரில் ஒரு எழுத்து போயிருந்தால் பாதி விலைகூட அதிகம். இன்னும் உதிராமல், ஆனால் கண்ணாடியை விட்டுப் பிரிந்துபோன பெயிண்ட் ஒன்று உண்டு. முன்பக்கத்திலிருந்து வெள்ளி பூத்த மாதிரி தெரியும், கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் நடுவே காற்று புகுந்த இடம் அது. வீடு கொண்டுவரும் வழியிலேயே கொட்டிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் செதில் செதிலாக எழும்பியிருப்பது தெரியும். அதைப் பிடித்து நிறுத்துவதாக நினைத்துப் பின்னால் பசையோ வார்னிஷோ பூசியிருந்தால் நான் வாங்கமாட்டேன். அந்தப் பூச்சைப் பழைய பெயிண்டிலிருந்து பிரிக்கவே முடியாது.

'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதி, எழுத்துக்குப் பின்னால் ஜிகினாத் தாளைக் கசக்கி ஒட்டிய மளிகைக்கடைக் கண்ணாடிகளுக்குச் சந்தையில் இன்னும் பெரிய விலை இல்லை. எனக்கு அது வருத்தம்தான். அவற்றில் இருக்கும் கைத்திறன் எந்த சீமை போர்டுக்கும் குறைந்ததல்ல. எழுதிய ஓவியரின் கையெழுத்தும் ஊர்ப்பெயரும் மூலையில் இருந்தால் நான் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் தாத்தாவின் வைத்தியசாலை போர்டு இருந்தது. நடுவே தங்க எழுத்தில் பெயர், இருபுறமும் குப்பியும், மருந்து அரைக்கும் கல்வமும். போகிக்கு வீட்டைக் கழுவியபோது யாரோ சட்டத்தைக் கழற்றி ஈரத்துணியால் பின்பக்கத்தையும் துடைத்திருக்கிறார்கள். இடதுபக்கக் குப்பி முழுக்கத் துணியோடு போய்விட்டது. இதைத் தயவுசெய்து எல்லோரிடமும் சொல்லுங்கள்: பின்பக்கத்தில் தண்ணீரோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ படவே கூடாது. காய்ந்த துணிகூட வேண்டாம்.

வந்து பார்த்த வியாபாரி ஒருவர், குப்பியை மறுபடி எழுதிக்கொடுத்தால் 12,000 தருகிறேன், இப்படியே என்றால் 5,000 என்றாராம். அந்த வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பின்பலகையைக் கழற்றாமலே ஓரத்தில் பார்த்தேன். பெயர் எழுத்துகளில் ஒரு செதில்கூட எழும்பவில்லை, ரேக்கு நிஜத் தங்கம், வலதுபக்கக் குப்பி முழுசு. "பெரியம்மா, ஒரு பொட்டுகூட வைக்க விடாதீங்க. இல்லாதது இல்லாமலே இருக்கட்டும்" என்றேன். புதிதாக எழுதினால் வாங்குகிறவருக்கு எது பழசு, எது புதுசு என்ற சந்தேகம் போர்டு முழுக்கவே வந்துவிடும். சித்த மருத்துவப் பொருள்கள் சேர்க்கும் ஒருவருக்குத் தகவல் சொன்னோம். அவர் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். குப்பி போன நிலையிலேயே 15,000 கொடுத்து, வேனில் நிமிர்த்தி நிற்கவைத்து, இருபுறமும் மெத்தை முட்டுக்கொடுத்து எடுத்துப்போனார்.