அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் கேட்டு மனு: யாருக்கு அனுப்புவது?

ஏலமலை (பீருமேடு):
கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் எங்கள் பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடிக்கும் எஸ்டேட் பிள்ளைகள் பலர் பட்டப்படிப்புக்கு மலையிறங்கித் தமிழ்நாட்டின் கம்பம், தேனி போகிறார்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலேயே பி.ஏ. தமிழ் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். யு.ஜி.சி.க்கா (மத்திய பல்கலைக்கழக மானியக் குழு), மாநில உயர்கல்வி கவுன்சிலுக்கா, பல்கலைக்கழகத்துக்கா? மலையாளத்தில்தான் எழுத வேண்டுமா?

தொடுபுழை வாசகர்:
யு.ஜி.சி. வேண்டாம். பட்டத்தின் தரத்தை வரையறுப்பது அதன் வேலை. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்று அது முடிவு செய்வதில்லை. 2007 சட்டப்படி வந்த கேரள உயர்கல்வி கவுன்சிலும் பரிந்துரை சொல்லும் அமைப்புதான்.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, இடுக்கி மாவட்டக் கல்லூரிகளை இணைத்திருக்கும் எம்.ஜி. (மகாத்மா காந்தி) பல்கலைக்கழகம் அந்தப் பாடத்துக்குத் தரும் இணைப்பு அனுமதி. மற்றொன்று அரசாணை. பிரின்சிபால், கல்லூரிக் கல்வி இயக்குநரகம், உயர்கல்வித் துறை, நிதித்துறை என்று கோப்பு நகரும். நிற்கும் இடம் பெரும்பாலும் நிதித்துறை. புதிய பாடம் என்றால் புதிய ஆசிரியர் பணியிடம், அதாவது ஆண்டுதோறும் சம்பளச் செலவு. ஒரு பணியிடத்துக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பணியிடம் இல்லாமல் பாடம் மட்டும் வந்தால் கெஸ்ட் லெக்சரர்களை (தற்காலிக ஆசிரியர்களை) வைத்தே ஓட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லதல்ல. ஆகவே மனுவிலேயே பணியிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெறும் கையெழுத்துப் பட்டியல் எடுபடாது. எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பேர் தமிழ் எடுத்துத் தேறினார்கள், கல்லூரியில் காலி வகுப்பறை உண்டா என்பதை ஆண்டுவாரியாக இணைத்துக் கொடுங்கள். அந்தக் கல்லூரியில் தமிழ் இரண்டாம் மொழிப்பாடமாகக்கூட இல்லையென்றால் முதலில் அதைக் கேட்பதே என் யோசனை. அந்த வகுப்பு நேரமே பின்னால் பணியிடத்துக்குக் கணக்காகும்.

குமுளி:
மொழி பற்றி: 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுத இடம் தருகிறது, பதிலும் அதே மொழியில் வர வேண்டும். தயங்காமல் தமிழில் எழுதுங்கள். பல்கலைக்கழகம் அரசுத் துறை அல்ல, அதற்கு மட்டும் ஆங்கிலப் படி வையுங்கள்.

குப்பம் தமிழன்:
ஆந்திர எல்லையில் இருந்து இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். இங்கே 1988 சட்டப்படி அமைந்த உயர்கல்வி கவுன்சில் பொது நுழைவுத் தேர்வுகளையும் பார்த்துக்கொள்கிறது. பெயர் ஒன்றுதான், அதிகார எல்லை வேறு. கேரளத்தில் நுழைவுத் தேர்வுக்குத் தனி ஆணையர் இருக்கிறார்.

தொடுபுழை வாசகர்:
ஒன்று விட்டுவிட்டேன். மனுக் கொடுத்ததும் கோப்பு எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கோப்பு யார் மேசையில், என்ன குறிப்போடு இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நிதித்துறையின் ஆட்சேபம் எழுத்தில் கிடைத்துவிட்டால், எம்.எல்.ஏ.விடம் அதை நீக்கித் தரும்படி குறிப்பாகக் கேட்கலாம்.