உளுந்து வாங்க வந்த அண்ணாச்சியும் எங்கள் பாட்டியும்

ரங்கூன் பெயின்னாங் சந்தையில் எனக்குப் பருப்புத் தரகு. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா சரக்குதான் என்பதால் தமிழ்நாட்டு வியாபாரிகள் வந்து போவார்கள். போன மாசியில், புது வரத்து தொடங்கிய சமயம், விருதுநகரிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். எஸ்.க்யூ. (ஸ்பெஷல் குவாலிட்டி) என்கிற உயர்ந்த ரகம் வேண்டும், விலை குறைய வேண்டும்.

கடைக்காரர் வயதான பர்மியர். அண்ணாச்சி விலையைச் சொன்னதும் சிரித்தார், தலையாட்டினார், டீ வரவழைத்தார். ஊறிய தேயிலையும் வறுத்த பயறும் எள்ளும் வைத்த லஃபெட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். அப்புறம் மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என் காதருகே, "முடிஞ்சிருச்சு, கன்டெய்னர் சொல்லிரலாமா?" என்றார்.

எங்கே முடிந்தது? அந்த விலை கட்டாது என்று அவர் சொல்லியே ஆயிற்று. முகத்துக்கு நேரே மாட்டேன் என்றால் வந்தவர் மனம் நோகுமே என்கிற கூச்சம் பர்மியர்களுக்கு அதிகம். பேச்சு சரக்கை விட்டு மகனுக்குப் போனால் விலை படியவில்லை என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அண்ணாச்சி விடவில்லை. "தருவீங்களா மாட்டீங்களா, ஒரே வார்த்தை!" என்று மண்டிக் குரலில் கேட்டுவிட்டார். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யோசிச்சுட்டு நாளைக்கு வர்றாராம்" என்று பர்மியில் சொல்லிவைத்தேன். கொஞ்சம் விழுங்கிச் சொல்வதும் தரகில் சேர்த்திதான். மறுநாள் அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை டீக்கடையில் என்னைப் பார்த்து, எவ்வளவு ஏற்றினால் முதலாளி இறங்கி வருவார் என்று சாடையாகச் சொன்னார். பேரம் அங்கேதான் தொடங்கியது.

அந்த டீக்கடையிலும் அண்ணாச்சிக்கு ஒரு அதிர்ச்சி. பையனைக் கூப்பிட இங்கே உதட்டைக் குவித்து முத்தமிடுகிற மாதிரி சத்தம் கொடுப்பார்கள். பக்கத்து மேசைப் பெரியவர் அப்படிச் செய்ததும், பெண்கள் இருக்கிற இடத்தில் இதென்ன கூத்து என்பதுபோல் என்னைப் பார்த்தார். கடைசிவரை "தம்பி, தம்பி" என்றே கூப்பிட்டார். ஒரு பையனும் திரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு எங்கள் குழுவின் இன்னொரு உறுப்பினர் எழுதியது:

அண்ணா, எங்கள் பாட்டி இங்கேயே பிறந்தவர், பர்மிய மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துவரவில்லை. இங்கே வாசலில் பார்த்தால் "எங்கே போறீங்க?" என்பதுதான் நலம் விசாரிப்பு. "இப்படிப் பக்கத்துல" என்றால் போதும், யாரும் விவரம் எதிர்பார்ப்பதில்லை. நமக்கோ கிளம்பும்போது அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது.

வெள்ளிக்கிழமை பாட்டி அனோரத்தா சாலை காளி கோயிலுக்குக் கிளம்புவார். 1871இல் நம்மவர்கள் கட்டிய கோயில் அது. எதிர்வீட்டு பர்மாக்காரம்மா அன்பாகக் கேட்பார். பாட்டி பதில் சொல்லாமல் உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி கிளம்புவார். அந்தம்மா அங்கேயே நின்று மறுபடி கேட்பார். இன்னொரு சொம்புத் தண்ணீர்.

உங்கள் அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று அந்தம்மா அப்பாவிடம் வருத்தப்பட்டார். அப்பா விளக்கிச் சொன்னார். அடுத்த வெள்ளி அந்தம்மா சிரித்ததோடு சரி. பாட்டி கோயிலிலிருந்து வந்ததும் வராததுமாக, "எதிர்வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேக்கல பாரு, என்னாச்சு அவளுக்கு?" என்றார்.